விட்டுப்போன ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில், சமூகப்பணித் துறையின் சார்பில் ஆற்றிய உரை)



"கால் மணி நேரம் பேசுங்க சார், மலர்ல போடறதுக்கு எழுதியும் கொடுத்துடுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பும் அவரே கொடுத்தார்: 'சமூகப்பணிப் படிப்பும் சமுதாயமும்'. பெரிய தலைப்பு. சமுதாயம் முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவை எனக்குத் தெரியும். அந்தத் தெருவைப் பற்றிப் பேசுகிறேன். படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

1991-ல் நான் இந்தக் கல்லூரியில் பி.எஸ்.டபிள்யூ. சேர்ந்தபோது எங்கள் தெருவில் அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எதிர் வீட்டுப் பெரியவர் அப்பாவைக் கேட்டார்: "பையன் என்னப்பா படிக்கிறான்?" அப்பா தறியை நிறுத்தாமலே சொன்னார்: "ஏதோ சோஷியல் ஒர்க்காம்." "சேவை செய்யறதுக்கு எதுக்குய்யா காலேஜு? கோயில்ல நாலு பேருக்கு அன்னதானம் போட்டா ஆச்சு!" என்றார் அவர். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் வருடம் முழுவதும் தெரியவில்லை என்பதே உண்மை.

ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. காஞ்சிக்கு அன்னதானம் புதிது இல்லை. வானம் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது அமுதசுரபியோடு காஞ்சிக்கு வந்து ஊருக்கே சோறிட்டவள் மணிமேகலை. படித்துப் பட்டம் வாங்கியா அவள் சோறு போட்டாள்? இல்லை. ஆனால் நமக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. நம் கையில் அமுதசுரபி இல்லை. இருக்கிற பாத்திரம் சின்னது, அள்ள அள்ளக் குறைவது. அதனால்தான் யார் பசியாக இருக்கிறார், ஏன் பசி வந்தது, நாளைக்கும் வராமல் இருக்க என்ன வழி என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. அப்படி விசாரிப்பதற்குத்தான் பயிற்சி, அந்தப் பயிற்சிக்குத்தான் கல்லூரி. 1917-ல் அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் என்ற அம்மையார் இந்த விசாரணை முறையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1936-ல் கிளிஃபோர்டு மான்ஷார்ட் முயற்சியில், தொராப்ஜி டாடா பெயரில், பம்பாயில் நம் நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். அவர் பிறந்தது 1909. எங்கள் ஊரில் நெசவாளர் குடும்பத்தில் அறிஞர் அண்ணா பிறந்ததும் அதே 1909. முதல் வருடத் தேர்வுக்கு இந்த வருடங்களை நான் மனப்பாடம் செய்தது அப்படித்தான். அண்ணா வயசுதான் அந்த அம்மாவுக்கும் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றத் துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் படிப்பில் வகுப்பறை பாதிதான். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி என்று எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். பார்த்தது, கேட்டது, செய்தது எல்லாவற்றையும் அன்று இரவே ரெக்கார்டில் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு ஆசிரியர் வாரம் ஒருமுறை தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். வருடத்துக்கு ஒரு கிராம முகாம். பி.காம். பையன்கள் எங்களை 'ஊர் சுத்திங்க' என்று கேலி செய்வார்கள். நாங்களும் அந்தப் பட்டத்தைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டோம். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு என்று பாடத்தில் மூன்று பெரிய பிரிவுகள். எனக்கு மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது மூன்றாம் வருடத்தில், 1993-ல்.

அதற்கு முன் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டு என்றால் எல்லோரும் சரிகையைச் சொல்வார்கள். அந்தச் சேலையின் உண்மையான வேலை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்துகொண்டே ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஒன்றோடு ஒன்று பூட்ட வேண்டும். சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பூட்டைக் குழித்தறியில் ஒருவர் தனியாகப் போடுவது கஷ்டம். மூன்றாவது நாடாவைப் பக்கத்திலிருந்து தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். பெரியவருக்குக் கூலி கொடுத்தால் கட்டாது. அதனால் அந்தக் கை பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளையின் கையாகவே இருந்தது.

எட்டு வயதில் நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். காலைத் தொங்கப்போட்டுப் பலகையில் உட்கார்ந்து, அப்பா மிதிக்கிற தாளத்துக்கு நாடாவைத் தள்ள வேண்டும். தாளம் தப்பினால் முதுகில் ஒரு தட்டு விழும். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தபோது எங்கள் ஆயா கணக்குப் போட்டுப் பார்த்தாள்: "ஒரு வயித்துக்கு ஒரு வேளை சோறு மிச்சம்டா, அனுப்புடா பையனை." நான் பள்ளிக்கூடம் திரும்பியது படிப்பு ஆசையால் அல்ல, அந்தக் கணக்கால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கல்விக்காக அப்பர் பெருமானே புகழ்ந்த ஊரில் என்னைப் பள்ளிக்கு அனுப்பியது ஒரு தட்டுச் சோறு.

மூன்றாம் வருடக் களப்பணிக்கு என்னைக் காஞ்சிபுரத்திலேயே ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். "உன் ஊரு, உனக்குச் சுலபமா இருக்கும்" என்றார் மேடம். தறியில் உட்காரும் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுப்பதுதான் வேலை. எந்தெந்தத் தெரு என்று பிரித்துக் கொடுத்தபோது எங்கள் தெரு என் பங்குக்கு வந்தது. நானே கேட்டு வாங்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் வீடு வீடாகப் போனேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள்தான். மோர் கொடுத்தார்கள், உட்கார வைத்தார்கள், வாய் நிறையப் பொய் சொன்னார்கள். "இதுவா? லீவுக்கு வந்த என் தங்கச்சி பொண்ணு." "உடம்பு சரியில்லை, அதான் இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலை." "வயசு பதினஞ்சு ஆச்சுப்பா, பார்க்கத்தான் சின்னதா இருக்கும்." ஒவ்வொரு பொய்யையும் கண்டுபிடித்து ரெக்கார்டில் எழுதினேன். எனக்கு ஒரே பெருமை. வெளியூர் மாணவனால் இதைச் செய்திருக்க முடியுமா?

கூடவே தெருவின் படமும் வரைந்திருந்தேன். இந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, நடுவில் பிள்ளையார் கோயில், காலையில் பாவு போடும் இடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். தனிச் சந்திப்பில் மேடம் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "படத்துல இருபத்துநாலு வீடு இருக்கு. படிவம் இருபத்துமூணுதான் இருக்கு. பதினேழாம் நம்பர் என்ன ஆச்சு?"

பதினேழு எங்கள் வீடு.

பூட்டியிருந்தது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எல்லாருடைய பொய்யையும் பிடித்தவன் அல்லவா, எனக்கும் ஒன்று வாயில் தயாராக வந்து நின்றது. பிறகு சொன்னேன்: "அது எங்க வீடு மேடம். என் தங்கச்சி தறியில உட்கார்றா. அவளுக்குப் பதினொரு வயசு."

மேடம் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்த இருபத்துமூணு வீட்டுக்காரங்க உன்கிட்ட ஏன் மறைச்சாங்கன்னு இப்ப உனக்குத் தெரியும். ரெக்கார்டுல அவங்களைப் பத்தி எழுதியிருக்கிறதை ஒருதரம் மறுபடி படிச்சுப் பாரு. அப்புறம் பதினேழாம் நம்பருக்குப் படிவம் எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அன்று இரவு படித்துப் பார்த்தேன். 'பொறுப்பற்ற பெற்றோர்', 'கல்வியின் அருமை அறியாதவர்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். இருபத்தொரு வயதுப் பையனின் தீர்ப்புகள்! எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் மறுபடி எழுதினேன். விடிய மூன்று மணி ஆனது.

மறுநாள் அப்பா எதிரில் படிவத்தோடு உட்கார்ந்தேன். வயது, வகுப்பு, எத்தனை மணி நேரம் வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்பா பதில் சொல்லிக்கொண்டே வந்தார். 'பிள்ளையின் வேலையை வைத்து முன்பணம் வாங்கியதுண்டா?' என்ற இடம் வந்தது.

"உண்டு."

"எதுக்காகப்பா?"

அப்பா நாடாவைக் கீழே வைத்தார். "எழுதிக்கோ. பெரியவன் காலேஜ் ஃபீஸுக்கு."

தங்கை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் படிவத்தை நான் பூர்த்தி செய்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் கடினமான ரெக்கார்டு அதுதான்.

நண்பர்களே, சட்டம் என்ன சொன்னது என்று நீங்கள் கேட்கலாம். குழந்தையின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைப்பது செல்லாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1933-ல், சட்டம் வந்துவிட்டது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடை செய்த தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு வீட்டில் நடத்தும் தொழிலுக்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. எங்கள் தறி அப்பாவின் தறி, தங்கை அவர் மகள். 1986 சட்டத்தின் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள். முன்பணத்தைச் சொன்னால்தான் 1976 சட்டத்தின் கண்ணில் படுவாள். அதைச் சொல்ல வேண்டியவர் அப்பா. கேட்க வேண்டியவன், அந்தப் பணத்தில் படித்த நான். வகுப்பில் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அது எந்த வாசலோடு நின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் என்ன நடந்தது? பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஆயா பாணியில் கணக்குப் போட்டோம். கோர்வை இல்லாத சேலை நெய்தால் துணைக்கு ஆள் வேண்டாம், ஆனால் கூலி குறையும். குறைகிற கூலியில் முன்பணம் எப்படி அடையும்? சனி, ஞாயிறுகளில் நான் துணைக்கு உட்காருவது, கல்லூரி முடிந்ததும் முன்பணத்தை என் சம்பளத்தில் அடைப்பது என்று முடிவானது. முதலாளியிடம் அப்பாவோடு நானும் போய்ப் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே, "படிச்ச பையன் தறியில உட்கார்றேங்கறான், கலிகாலம்தான்" என்றார். ஒப்புக்கொண்டார். 1994-ல் பட்டம் வாங்கிய கையோடு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் கடன் அடைந்தது.

தங்கை பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் அவள்தான் உயரம். கூட உட்கார வெட்கம். எட்டாவதோடு நின்றுவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதனால் இதை வெற்றிக் கதையாக உங்களிடம் சொல்ல நான் வரவில்லை. இன்றைக்கும் அவள் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறாள், கை சுத்தமான நெசவு. அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளி நாளில் ஒருநாள்கூடத் தறியில் உட்கார்ந்ததில்லை. என் பட்டமளிப்புப் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருப்பவள் அவள்தான். "அதுல பாதி என்னுது அண்ணே" என்பாள். பாதி என்பது அவள் பெருந்தன்மை.

இப்போது அந்தத் தெருவுக்குப் போனால் பிள்ளைகளைத் தறியில் பார்க்க முடியாது. இது எப்படி நடந்தது என்பது நம் மாணவர்கள் யோசிக்க வேண்டிய பாடம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அபாயமான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தத் தீர்ப்பு ஊரை உலுக்கியது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2003-ல் சர்வதேச மனித உரிமை அமைப்பு ஒன்று பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம். 2016-ல் திருத்தம் வந்து, பதினான்கு வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலும் கூடாது என்றானது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற ஒரு வாசலை அப்போதும் திறந்தே வைத்தார்கள். பதினேழாம் நம்பர் வீட்டு வாசல் மாதிரிதான் எனக்கு அது தெரிகிறது.

இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகள் வந்தன. இளைஞர்கள் பஸ் ஏறினார்கள். இன்று குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். பிள்ளைகள் தறியை விட்டுப் போக வேண்டும் என்று கணக்கெடுத்தோம். போனார்கள். இப்போது முதுகு வலியோடும் கண் பார்வைக் குறைவோடும் இருக்கும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நாடா தள்ள ஆள் இல்லை. இன்னொரு பக்கம், ஆலை விடுதிகளில் வெளியூர்ப் பெண் பிள்ளைகள் கூட்டமாகத் தங்கியிருக்கிறார்கள். நம் வேலை தீர்வதில்லை தம்பிகளே, இடம் மாறுகிறது. அவ்வளவுதான்.

சரி, மாணவர்களுக்கு நேரடியாக இரண்டு வார்த்தை.

"இந்தப் படிப்புக்கு என்ன சார் வேலை?" என்று சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வேலை இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில், இல்லங்களில், மனநல மையங்களில், தொண்டு நிறுவனங்களில், ஆலைகளின் தொழிலாளர் நலப் பிரிவில் நம்மவர்கள் இருக்கிறார்கள். பல பணிகள் ஒப்பந்தப் பணிகள், தொகுப்பூதியம். மேலே போக எம்.எஸ்.டபிள்யூ. வேண்டியிருக்கும். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல நமக்கென்று ஒரு தேசிய கவுன்சில் இன்னும் இல்லை. மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களை மட்டும் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதையெல்லாம் மறைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 1098 என்ற எண் உங்களுக்கெல்லாம் தெரியும். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கான தொலைபேசி எண். அது 1996-ல் பம்பாயில் ஒரு சமூகப்பணிக் கல்லூரியின் களப்பணித் திட்டமாகத்தான் பிறந்தது. களப்பணி என்பது வருகைப் பதிவேட்டுக்காகப் போய் வருவதல்ல.

களத்துக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். தெருவின் படத்தை முதலில் வரையுங்கள். எல்லா வீட்டையும் வரையுங்கள். அப்புறம் எந்த வீட்டை விட்டுவிட்டோம் என்று பாருங்கள். விட்டுப்போன வீட்டில்தான் பாடம் இருக்கும். அது உங்கள் வீடாகக்கூட இருக்கலாம். உங்களிடம் ஒருவர் பொய் சொன்னால் கோபப்படாதீர்கள். உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம் என்று விசாரியுங்கள்.

கடைசியாக முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறையில் சேரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். வாரம் இரண்டு நாள் களப்பணிக்குப் போய்வரும் செலவு அவர்கள் கையிலிருந்துதான் போகிறது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பஸ் ஏறும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஏறியிருக்கிறேன். பசியைப் பற்றிப் படிக்கப் போகிறவன் பசியோடு போகக் கூடாது. களப்பணிப் பயணச் செலவுக்கென்று சங்கம் ஒரு சிறு நிதி தொடங்க வேண்டும். முதல் தொகையை இன்று செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தொகை பெரிது அல்ல. அதை இரண்டு பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒன்று என் பெயர், மற்றது என் தங்கை பெயர். முப்பது வருடத்துக்கு மேலாகப் பாக்கி இருந்த படிவம் அது.

எதிர் வீட்டுப் பெரியவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்: "சேவை செய்யறதுக்குக் காலேஜ் வேண்டாம் பெரியப்பா. என் வீட்டுக் கதவை நானே தட்டறதுக்குத்தான் வேண்டியிருந்தது."